சுக்கான் பிடித்தவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

பெங்களூரு கண்காட்சியில் எங்கள் கேமுக்கு இடம் கிடைத்துவிட்டது. ரில்வான் அண்ணன் மின்னஞ்சலை எழுந்து நின்று வாசித்தார். கௌசல்யா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே பல் மருத்துவமனையில் யாருக்கோ பல் பிடுங்கும் நேரம் போலிருக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று கம்பவுண்டர் மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்து செய்தது. நிரல் எழுதுவது ரில்வான் அண்ணன், அலுவலகமும் அவருடையது. படங்கள் கௌசல்யா. கதையும் வசனமும் நான். பெயர் ‘துணைப்படகு’. ஒரு புயலுக்குப் பிறகு, காணாமல்போன படகைத் தேடி இன்னொரு படகு புறப்படுகிறது. அதற்குச் சுக்கான் பிடிப்பவன் ஸ்டீபன். விளையாடுகிறவர்தான் ஸ்டீபன். காணாமல்போனவன் அவனுடைய அக்காள் மகன்.

உன் அண்ணனை நினைத்து எழுதினாயா என்று கௌசல்யா கேட்டாள். இல்லை என்றேன். கடற்கரையில் பிறந்தவள் கடல் கதை எழுதுவதில் என்ன அதிசயம்? எங்கள் கிளீட்டஸ் அண்ணன் புயலில் போய் ஏழு வருடமாகிறது. கேமில் காணாமல்போகிறவன் பெயர் அருள். வயது வேறு, சட்டை வேறு.

எங்கள் ஊர் மரியான்துறைக்கு வந்து சேர ஏழு மணியாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். “பெங்களூருக்கா? அங்க மீன் நல்லா இருக்காதே” என்றாள். சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

இன்று ஐந்தாம் பகுதியைச் சோதித்தோம். கடைசிப் பகுதி. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை இங்கே எழுதிக்கொள்வதில் தவறில்லை.

மற்ற கேம்களில் ஒரு முக்கியமான முடிவு வந்தால் திரையில் இரண்டு வாக்கியம் தோன்றும். ஒன்றைத் தொட்டால் போதும். எங்களுடையதில் அது கிடையாது. டீசல் குறைந்துகொண்டே வருகிறது. படகில் இருக்கிற மற்ற நாலு பேரும் பேசாமல் ஸ்டீபனையே பார்க்கிறார்கள். கரைக்குத் திரும்ப வேண்டுமானால் விளையாடுகிறவர் சுக்கானைத் திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கட்டைவிரலை எடுத்தால் படகு தானாக மறுபடி மேற்கே, காணாமல்போனவன் போன திசைக்கே திரும்பிவிடும். கரை தெரிகிறவரை பிடித்தே ஆக வேண்டும். இது நான் யோசித்தது. ஒரு விரலுக்கு இவ்வளவு வேலையா என்று முதலில் ரில்வான் அண்ணன் சிரித்தார்.

கௌசல்யா விளையாடினாள். முடித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“எழுதினவ நீ. ஒரு தடவயாவது நீ ஓட்டிப் பாரேன்” என்றாள்.

வசனங்களில் ஒற்றுப்பிழை பார்க்கிற வேலை இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆண்கள் எல்லாரும் கரையில். கோவில் நிறைந்திருந்தது. எங்கள் வரிசைக்கு முன்வரிசையில் ஸ்டெல்லஸ் மாமா வந்து உட்கார்ந்தார். அம்மா எழுந்து, முட்டிவலிக்காரி போல மெதுவாக நடந்து, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் இதுதான்.

ஸ்டெல்லஸ் மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. புயல் அடங்கியதும் கிளீட்டஸ் அண்ணனைத் தேடி ஊரிலிருந்து புறப்பட்ட படகுக்கு அவர்தான் சுக்கான் பிடித்தார். தேடினார்கள், கிடைக்கவில்லை, திரும்பினார்கள். “இன்னும் ஒரு நாளு தேடியிருக்கலாம். எனக்க மவன் எங்கயாவது காலி டீசல் கன்னாசப் பிடிச்சிட்டு கெடந்திருப்பான்” என்று அம்மா அன்று கரையில் நின்று கத்தியதுதான் அவரிடம் கடைசியாகப் பேசியது. அவர் வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அம்மா அவர் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிவந்தால் ‘திரும்பி வந்தவன்’ என்பாள்.

மத்தியானம் சாளைக் குழம்பு. நன்றாக இருந்தது.

ஜூன் 11, புதன்

கேமை வெளியிட முன்வந்திருக்கும் கம்பெனியிலிருந்து காணொளி அழைப்பு. மிகவும் பிடித்திருக்கிறதாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். விடாமல் தேடுகிறவர்களுக்கு ஒரு ரகசிய முடிவு. இன்ன இடத்தில், இன்ன திசையில் போனால் அருள் உயிரோடு கிடைத்துவிட வேண்டும். கிடைக்கவே மாட்டான் என்றால் விளையாடுகிறவர்கள் ஏமாந்துபோவார்களாம்.

நான் முடியாது என்றேன். சற்றுச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ரில்வான் அண்ணன் மைக்கை அணைத்தார்.

“யோசிக்கலாம் டெல்பின். கிடைச்சா ஆளுகளுக்கு சந்தோசம்தான. அதுல உனக்கு என்ன நட்டம்?”

என்ன நட்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதை கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

மழை. வீட்டு டிவியில் கேமை இணைத்து, எழுத்துகள் தூரத்திலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளி உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“இதா உன் வேல? இது நம்ம கரை போல இருக்கு.”

“எல்லாக் கரையும் இப்படித்தாம்மா இருக்கும்.”

“போ பிள்ளே. அந்தக் குருசடிய எனக்குத் தெரியாதா?” என்று திரையில் தெரிந்த சின்னச் சிலுவைக் கோவிலைக் காட்டினாள்.

கன்ட்ரோலரைக் கொடுத்தேன். முதல் நான்கு பகுதிகளில் புயல் கிடையாது. கரை வாழ்க்கைதான். மீன் ஏலம், வலை ஏற்றுவது, ஒரு கல்யாண வீடு, அருள் தன் மாமாவிடம் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொள்வது. அருளைப் பிரியமாக நினைக்க வைப்பதற்காக எழுதிய பகுதிகள். முப்பது வருடம் மீன் விற்றவளுக்கு எதிரே ஏலத்தில் யாரும் நிற்க முடியவில்லை. திரையில் இருக்கிற வியாபாரியைப் பார்த்து, “அதுக்கு வேற ஆளப் பாரு” என்று வைதுகொண்டே விளையாடினாள். விரல் முதலில் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. கல்யாண வீட்டுப் பகுதியில் அருள் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

“இவன் ஆளு எப்பிடி, எல்லாத்துக்கும் முன்னால நிப்பானோ?”

“ஆமா.”

“ம்” என்றாள். எனக்கு அடுப்பில் சோறு இருந்தது.

நாலாம் பகுதி முடிந்ததும் நிறுத்திவிட்டேன். அடுத்தது இன்னும் சரியாகவில்லை என்று சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

அலுவலகத்திலிருந்து வந்தபோது டிவியில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தானே போட்டிருக்கிறாள். நாலாம் பகுதியை மறுபடி விளையாடுகிறாள். அருள் சுக்கான் பிடிக்கக் கற்கிற இடம்.

மாடியில் துணி நனைந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா டிவி முன் உட்கார்ந்து, “அடுத்ததப் போடு” என்றாள். வேண்டாம் என்றேன். அதில் புயல் வரும், படகு போய்விடும் என்று சொன்னேன். “நான் பாக்காத புயலா?” என்றாள்.

போட்டேன்.

புயலை நாங்கள் காட்டவில்லை. புயலுக்கு மறுநாள்தான் காட்டுகிறோம். சாம்பல்நிறக் கடல். பெண்கள் கரையில் நிற்கிறார்கள். ஸ்டீபன் படகில் ஏறுகிறான். கூட நாலு பேர். இருமிக்கொண்டே வரும் மிக்கேல், புதிதாகக் கல்யாணமான ஆன்றோ, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன் சூசை, சமையல்காரர் வறீது.

அம்மா சுக்கான் பிடித்தாள்.

“வறீது நம்ம தொபியாஸ் தானே?” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். தொபியாஸ் அன்று மாமாவோடு தேடப் போன படகில் இருந்தவர். “அவனப் போலதான் நடக்கான்” என்றாள்.

தண்ணீரில் ஒரு நீலக் கன்னாசு மிதந்து வந்தது. அம்மா முன்னால் குனிந்தாள். பிறகு ஐஸ்பெட்டியின் மூடி. பிறகு ஒரு செருப்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் படகைக் கொண்டுபோய் நிறுத்தினாள். யாருடையது என்று சொல்ல எதிலும் அடையாளம் கிடையாது. அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

“ஸ்டீபா, டீசல் பாதிக்குக் கீழ வந்தாச்சு” என்று மிக்கேல் சொன்னார்.

அம்மா மேற்கே போனாள்.

“இதுக்குமேல போனா திரும்ப முடியாது” என்று ஆன்றோ சொன்னான். அம்மா போய்க்கொண்டே இருந்தாள். எஞ்சின் நின்றது. அலைச்சத்தம் மட்டும். திரை மாறிக் கரை வந்தது. பழைய பெண்களோடு இப்போது புதிதாக நாலு பெண்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். சூசையின் சின்ன மகள் ஒருத்தியின் இடுப்பில் இருக்கிறாள்.

கௌசல்யா வரைந்ததிலேயே இதுதான் மிகச் சிறந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். இந்த நேரத்தில் இப்படி ஒரு நினைப்பு எனக்கு.

அம்மா கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்களைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, “இன்னொரு தடவ போடு” என்றாள்.

ஜூன் 25, புதன்

தினமும் விளையாடுகிறாள். நான் காலையில் கிளம்பியதும் ஆரம்பித்துவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டு விமலா அக்கா சொன்னாள். ஒவ்வொரு முறையும் வேறு திசை. வடக்கே போய்ப் பார்க்கிறாள். தீவுகள் இருக்கும் பக்கமாகப் போய்ப் பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் டீசல் தீர்கிறது, நாலு பேரும் போகிறார்கள்.

இன்று சோறு போட்டுக்கொண்டே, “மிக்கேல் பாவம். அந்த இருமலோட எதுக்கு வந்தான்?” என்றாள். பக்கத்துத் தெரு ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள்.

ரில்வான் அண்ணனிடம் சொன்னேன், அம்மா நிறுத்தமாட்டேன் என்கிறாள் என்று. டிவியை மாற்றிவிடு, கேமை எடுத்துவிடு என்றார். எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டார். சோதனைக்கு உதவியாக இருக்கிறது, நிறையப் பிழைகள் தெரிகின்றன என்றேன்.

ஒரு பிழையும் தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

அம்மா கேட்டுவிட்டாள்.

“மக்களே, எவ்வளவு தேடினா அவன் கிடைப்பான்?”

“கிடைக்க மாட்டாம்மா.”

“எந்தப் பக்கம் போனாலும்?”

“எந்தப் பக்கம் போனாலும்.”

“நீதான எழுதினே?”

“ஆமா.”

“உன் கையிலதான இருந்தது? ஒரு பலகையில கெடந்து கிடைச்சான்னு எழுதினா உனக்கு என்ன?”

இதையே கம்பெனிக்காரன் கேட்டபோது எரிச்சல் வந்தது. அம்மா கேட்டபோது எரிச்சல் வரவில்லை. கொடியில் துணி கிடப்பதாகச் சொல்லி எழுந்து போனேன். மழை பெய்யவில்லை, துணியும் கிடக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஜூன் 29, ஞாயிறு. இராயப்பர் சின்னப்பர் திருநாள்.

கோவிலில் தீர்த்தம் தெளித்துப் படகுகளை மந்திரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா திருநாள் சேலையைக்கூட மாற்றாமல் டிவி முன் உட்கார்ந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“டெல்பினே, இங்க வா.”

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். டீசல் பாதியில் நின்றது. மிக்கேல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அம்மா சுக்கானைத் திருப்பியிருந்தாள். படகின் முகம் மெல்லக் கிழக்கே வந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தியிருந்தாள்.

“விரலு நோவுது” என்றாள்.

“ஆமாம்மா.”

“விட்டா அவன் பக்கம் போயிரும் இல்லியா?”

“ஆமா.”

“கரை எப்பம் வரும்?”

“இன்னும் இருக்கு.”

அவள் விடவில்லை. படகில் யாரும் பேசவில்லை. வறீது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அம்மாவின் விரல் நழுவியது. படகு உடனே மேற்கே சாய்ந்தது. “இல்ல, இல்ல” என்று சொல்லி மறுபடி இழுத்துப் பிடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கக் கை இல்லை. நான் அவள் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அப்போதுதான் சொன்னாள், என்னிடமா திரையிடமா என்று தெரியாமல்:

“அவனும் இப்பிடித்தான பிடிச்சிட்டு வந்திருப்பான். வழி பூராவும்.”

கரை வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். சூசையின் மகள் ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள். அருளின் அம்மா மட்டும் தண்ணீர் ஓரத்தில் நின்றாள். அவள் ஸ்டீபனைப் பார்க்கிறாள், அத்துடன் கேம் முடிகிறது. அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதவில்லை. நிறைய எழுதிப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை.

அம்மா எழுந்து முகம் கழுவினாள். செருப்பைப் போட்டாள்.

“எங்கம்மா?”

“வா.”

ஸ்டெல்லஸ் மாமா வாசலில் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பிரஷ்ஷைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பெயின்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

“லேய் ஸ்டெல்லஸ்” என்றாள் அம்மா. ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர்.

“அக்கா.”

“சுக்கான் பிடிச்ச கை நொந்துதா?”

மாமாவுக்கு எதைக் கேட்கிறாள் என்று புரிந்துவிட்டது. கேமைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் புரிந்தது.

“நொந்துது அக்கா.”

“எப்பம் வரைக்கும்?”

“இப்பமும்தான்.”

அம்மா கேட்டைத் திறந்து உள்ளே போனாள். ஈரப் பெயின்ட் திருநாள் சேலையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அழுதார்கள். நான் பெயின்ட் டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

மாமா நேற்று வீட்டுக்கு வந்து விளையாடினார். ஒரே முறை. வேகமாகவும் ஓட்டவில்லை, மெதுவாகவும் ஓட்டவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினார். முடித்ததும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கே” என்றார். எனக்கு இதுவரை யாரும் தராத விருது அது. இதை அலுவலகத்தில் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

அம்மா உடனே குறுக்கே வந்தாள். “ஒண்ணு இல்ல பாத்தியா? கூப்பிட வழி வைக்கல இவ. கடல்ல ஆளக் காணாம தேடப் போறவன் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டானா? நீ கூப்பிட்டியா லேய்?”

“கூப்பிடாமலா? தொண்ட அடைக்கிற வரைக்கும் கூப்பிட்டேன். எஞ்சின நிப்பாட்டிட்டுக் கூப்பிடுவோம். கூப்பிட்டுட்டு எல்லாரும் மூச்சப் பிடிச்சிட்டு நிப்போம். பதிலு வந்தா கேக்கணும்லா.”

அம்மா இதை முதன்முறையாகக் கேட்கிறாள். நானும்தான்.

ஜூலை 3, வியாழன்

கண்காட்சிக்கு இவ்வளவு பக்கத்தில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் சட்டம். சட்டத்தைப் போட்டவர் ரில்வான் அண்ணன். மாமா சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் கணினியைத் திருப்பிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

இனி ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நிற்கும். இன்னொன்றை அழுத்தினால் ஸ்டீபன் கூப்பிடுவான். பிறகு வெறும் கடல். வேண்டிய மட்டும் காத்திருந்து கேட்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

கீழே பல் மருத்துவமனைக்கு விடுமுறை என்பதால் இன்று ஒலிப்பதிவு. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், குரலைத்தான் எடுக்கப் போகிறோம் என்று சொல்லியும். அம்மாவும் வந்தாள். கௌசல்யா அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

மாமா மைக் முன்னால் நின்று “அருளே” என்றார். யாரோ கடையில் பொருள் கேட்பதுபோல இருந்தது. மறுபடி சொன்னார். வரவில்லை. வியர்த்துவிட்டது.

“யாருலே அருளு?” என்றாள் அம்மா. “அவன் பேரச் சொல்லிக் கூப்பிடு.”

மாமா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டார். கிளீட்டஸ் என்ற பெயரின் கடைசியை அவர் நீட்டிய நீட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் தானாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் நாலு பேரும் பிடித்துக்கொண்டோம். ரில்வான் அண்ணன் பதிவை நிறுத்த மறந்துபோனார்.

இரண்டாம் தடவை எடுக்கவில்லை.

கதை முழுவதிலும் அருள் என்ற பெயரைக் கிளீட்டஸ் என்று மாற்றுவது கணினியில் ஒரு நொடி வேலை. எனக்குச் சாயங்காலம்வரை ஆனது. ஒவ்வொரு இடமாக வாசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஜூலை 9, புதன்

கம்பெனிக்காரர்கள் ரகசிய முடிவை விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வெளியீட்டை மறுபடி யோசிப்பார்களாம். ரில்வான் அண்ணன் சாயங்காலம் என்னோடு மரியான்துறைக்கு வந்தார். அம்மாவிடமே கேட்கலாம் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. எழுதினால் என்ன என்று கேட்டவள் அவள்தானே.

அம்மா அவருக்குப் பாலில்லாத கட்டன்சாயாவும் கிழங்கும் கொடுத்தாள். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். “விடாமத் தேடுறவங்களுக்கு மட்டும் கிடைக்கிற மாதிரி வைக்கலாம்னு சொல்லுகாங்கம்மா. நீங்க சொன்னா வைப்போம். உங்க மகன் பேரு இப்பம் அதுல இருக்கு.”

அம்மா கிழங்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“தேடினா கிடைப்பான்னு வச்சா, திரும்பினவன் யாரு மக்களே? பாதியில விட்டுட்டு வந்த கள்ளன் ஆயிருவான்லா. எனக்க தம்பி ஏழு வருசம் கள்ளனா இருந்தாச்சு. போதும்.”

ரில்வான் அண்ணன் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பஸ் ஏறும்போது என்னிடம், “இத அப்பிடியே அவனுக்கு எழுதிப் போடப் போறேன். புரிஞ்சா புரியட்டும், இல்லன்னா நாமளே வெளியிடுவோம்” என்றார்.

என்ன நட்டம் என்று அன்று கேட்டாரே, அதற்கு என்னால் சொல்ல முடியாத பதிலை அம்மா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். என் அம்மா.

ஜூலை 11, வெள்ளி

கம்பெனி ஒத்துக்கொண்டது. முடிவில் ஒரு எழுத்தும் மாறாது. மூன்று பேரும் பரோட்டா சாப்பிடப் போனோம்.

ஜூலை 12, சனி

இன்று ஐந்தாம் பகுதியை நானே விளையாடினேன். கூப்பிட்டேன். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நிறைய நேரம் கேட்டேன். திரும்பினேன்.

ஜூலை 17, வியாழன்

ரயிலில் எழுதுகிறேன். அம்மாவும் மாமாவும் வருகிறார்கள். அம்மா ஒரு பை நிறைய அவித்த முட்டையும் புளிச்சோறும் கொண்டுவந்திருக்கிறாள், பெங்களூருவில் சோறே கிடைக்காது என்பதுபோல. எதிர் இருக்கைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மாமா வாயைத் திறக்குமுன் அம்மா முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். “எழுதினது இவ. குரலு இவனுக்க” என்று இரண்டு பேரையும் விரலால் காட்டினாள். மாமா வெட்கப்பட்டு மேல் பெர்த்துக்கு ஏறிக்கொண்டார்.

கௌசல்யா பக்கத்தில் தூங்குகிறாள்.

ஜூலை 19, சனி

கூடத்தில் கண் கூசும் விளக்குகள், எல்லாப் பக்கமும் வெடிச்சத்தம். எங்கள் மேசை ஒரு மூலையில். இரண்டு திரை, இரண்டு ஹெட்போன். வசனம் தமிழில், கீழே ஆங்கிலத்தில் எழுத்து. காலையில் யாரும் வரவில்லை. பெரிய கம்பெனிகளின் பக்கம்தான் கூட்டம். அம்மா போகிற வருகிறவர்களை மீன் வாங்கக் கூப்பிடுகிற மாதிரி கையசைத்துக் கூப்பிட்டாள். “வா மக்களே, இருந்து பாரு.” பாஷை தெரியாவிட்டாலும் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் வரிசை தூண்வரை போய்விட்டது.

காதில் வளையம் போட்ட ஒரு பையன், கல்லூரி முடித்திருப்பான், ஐந்தாம் பகுதிக்கு வந்துவிட்டான். கூப்பிட்டான், கேட்டான். மறுபடி கூப்பிட்டான், கேட்டான். டீசல் இறங்கிக்கொண்டிருந்தது. சுக்கானைத் திருப்பினான், பாதியில் விட்டான். படகு மேற்கே திரும்பியது. மறுபடி திருப்பினான், விட்டான். தோள் குலுங்கியது. என் வேலை குறுக்கிடாமல் நின்று பார்ப்பது. நின்றேன்.

அம்மா நிற்கவில்லை. அவன் பக்கத்தில் போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவனுடைய ஒரு காதின் ஹெட்போனை விலக்கினாள்.

“திருப்பு மக்களே. நாலு பேருக்க வீட்டுல காத்திருக்காங்க.”

அவனுக்குத் தமிழ் தெரியாது. அவளை ஏறிட்டுப் பார்த்தான். அம்மா தன் கட்டைவிரலை அவன் விரல்மேல் வைத்து அழுத்தினாள். இரண்டு விரலுமாகப் பிடித்தார்கள். கரை தெரிகிறவரை விடவில்லை.

முடிந்ததும் அவன் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான், இது நிஜமாக நடந்ததா என்று.

கேம் செய்த இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லாரிடமும் கற்பனை என்றுதான் சொன்னேன்.

“நடந்தது” என்றேன். “கிளீட்டஸ் என் அண்ணன். இது என் அம்மா. அன்று சுக்கான் பிடித்தவர் அதோ நிற்கிறார், என் மாமா.”

பையன் எழுந்து மாமாவிடம் போனான். அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் சொன்னது வாய்வழியாக வரிசைக்குப் போனது, நின்றவர்கள் எல்லாரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். ஒருவன் கைதட்டினான், பிறகு தூண்வரை எல்லாரும் தட்டினார்கள். ஊரில் ஏழு வருடமாகத் தலைகுனிந்து நடந்த மனிதர் அத்தனை பேருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றார். வெள்ளைச் சட்டைதான் இன்றும்.

ரில்வான் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எழுதினால் அது இவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அம்மா மட்டும் ஸ்டூலைவிட்டு எழவில்லை. பையன் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கையால் துடைத்துவிட்டாள்.

“என்ன நோக்கிட்டு நிக்கே?” என்றாள் என்னிடம். “வரிசை அங்கவரைக்கும் நிக்கு. அடுத்த ஆள இருக்கச் சொல்லு.”